எடை எந்திரத்தின் பிழை

ஜூலை 3, திங்கள்

எடை எந்திரம் பிழையாகக் காட்டுகிறது.

நகர்ப்புற சுகாதார நிலையத்துச் செவிலியர் ஷாஜிதா இன்று காலை அதைக் கொண்டுவந்து கொடுத்தார். எங்கள் காம்பவுண்டில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஒன்பது பேர். அவர்களை மாதம் ஒருமுறை நிறுத்து எழுதித் தர முடியுமா என்று போன வாரம் கேட்டிருந்தார். நான் புள்ளியியல் துறையில் முப்பத்துநான்கு ஆண்டு இருந்தவன் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு மறுக்கத் தெரியவில்லை.

பதிவேட்டின் முதல் பக்கத்துக்கு ஒரு முன்குறிப்பு எழுதினேன். பதினொரு லைன் வீடுகள், ஒரு குழாய், இரண்டு கழிப்பறை. முதல் வீட்டில் நான், தனியாக. மற்ற வீடுகளில் எல்லோரும் பனியன் கம்பெனி வேலைக்காரர்கள், பெரும்பாலும் தெற்கேயிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்தவர்கள். கடைசி வீட்டில் அங்கன்வாடி ஆயா பொன்னாத்தாள். அங்கன்வாடி மூன்றரைக்கு முடிந்ததும் அவர் பிள்ளைகளைக் கூட்டிவந்து என் வீட்டில் விட்டுவிட்டுப் போகிறார். தாய்மார்கள் எட்டு மணிக்குத்தான் வருவார்கள். இது எப்போது வழக்கமாயிற்று என்று எனக்கே தெரியவில்லை. சரி என்று நான் சொன்னதாக நினைவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. டிவி ஓடும். பக்கத்து பனியன் வேஸ்ட் குடோனிலிருந்து பஞ்சு பறந்து வருவதால் ஜன்னல்களைச் சாத்தியே வைக்கிறேன். பிள்ளைகளின் நெஞ்சுக்கு அந்தத் தூசு ஆகாது.

எந்திரத்தைப் பற்றி. ஒரு கருவியை நம்புவதற்கு முன் தெரிந்த எடை ஒன்றைக் கொண்டு சோதிக்க வேண்டும். வீட்டில் எனக்கு உறுதியாகத் தெரிந்த எடை என்னுடையதுதான். போன ஆண்டு கண் அறுவைக்கு முன் 58 கிலோ. அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளில் 57-க்குக் கீழே போனதில்லை, 59-ஐத் தாண்டியதும் இல்லை. மூன்று முறை ஏறி இறங்கினேன். 51.4, 51.4, 51.3. ஆகவே எந்திரம் ஒன்பதில் ஒரு பங்குக்கு மேல் குறைவாகக் காட்டுகிறது. வரும் எண்ணை 1.13 ஆல் பெருக்கினால் சரியாகும்.

வேறு எந்திரம் கேட்கலாம்தான். அந்தப் பெண் பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டுவந்தது. அவரிடம் போய்க் குறை சொல்ல மனம் வரவில்லை.

ஜூலை 4, செவ்வாய்

ஒன்பது பேரையும் நிறுத்தேன். இரண்டு மணி நேரம் ஆயிற்று. ஏறியவர்கள் இறங்க மறுத்தார்கள்.

ஆறாம் வீட்டுப் பூங்கொடியின் மகள் மிதுனா, வயது நான்கு, கடைசியாக ஏறினாள்.

"தாத்தா, நான் எத்தன?"

எந்திரம் 11.9 என்றது. பெருக்கிப் பார்த்து, "பதின்மூன்று புள்ளி நான்கு" என்றேன்.

"அது நெறயாவா?"

"போதும்."

"தாத்தா சொல்றதுக்கு லேட்டாகுது. மிசினு டக்குனு சொல்லுது" என்று மற்றவர்களிடம் போய்ச் சொன்னாள்.

பதிவேட்டில் திருத்திய எடைகளை மட்டும் எழுதினேன். பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் "கருவிப் பிழை சரிசெய்யப்பட்டது" என்று குறிப்பும் சேர்த்தேன். வயதுக்கேற்ற எடை அட்டவணையோடு ஒப்பிட்டால் இருவர் மட்டுமே எடை குறைந்தவர்கள். மிதுனா அதில் இல்லை.

ஜூலை 9, ஞாயிறு

இருமல் மருந்து ஒரு பாட்டில், தொண்டை மாத்திரை ஒரு அட்டை. கால்சட்டைகள் இரண்டையும் இடுப்பில் பிடித்துத் தரச் சொல்லி தையற்கடையில் கொடுத்தேன். பழைய துணி, தளர்ந்துவிட்டது.

ஜூலை 14, வெள்ளி

மிதுனா டிவி பார்க்கவில்லை. என் நாற்காலிக்கு அடியில் போய்ப் படுத்துத் தூங்கிவிட்டாள். நெற்றி சுட்டது. எட்டு மணிக்குப் பூங்கொடி வந்தபோது சொன்னேன்.

"ஆமா சார். ஒரு வாரமா சாயங்காலமானா மேலு சுடுது. காலையில ஒண்ணுமில்ல. கிளினிக்ல சிரப்பு குடுத்தாக. குடிக்க மாட்டேங்குறா, துப்புறா."

"இருமல்?"

"இருமலு உங்களுக்குத்தான் சார் இருக்கு" என்று சிரித்தார். "இவளுக்குச் சளிதான். சோறுதான் இறங்க மாட்டேங்குது."

செக்கிங் பிரிவில் நாள் முழுதும் நின்றுகொண்டே துணி பார்க்கிறவர். தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டபோது ஒரு கணம் தள்ளாடினார். கணவர் காட்டுராஜா இரவு ஷிப்டு. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஜூலை 20, வியாழன்

ஷாஜிதா வந்தார். பதிவேட்டைப் பார்த்து, "என்ன சார், அச்சடிச்ச மாதிரி இருக்கு. எங்க ஆபீசுக்கு வந்துருங்க, என் சம்பளத்துல பாதி குடுத்துடறேன்" என்றார்.

மிதுனாவைக் காட்டினேன். சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். ஷாஜிதா கழுத்தின் இருபுறமும் விரலால் தடவிப் பார்த்தார். கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். புருவம் சுருங்கியது.

"இளைச்ச மாதிரி தெரியுதே சார்."

பதிவேட்டைப் புரட்டினார். 13.4.

"எடை பரவால்லையே. என் கண்ணுதான் சரியில்ல போல. சரி, இன்னும் பத்து நாள் பாப்போம். காய்ச்சல் விடலைன்னா கூட்டிட்டு வரச் சொல்லுங்க."

கிளம்பும்போது நான் இருமினேன். "சார், நீங்களும் ஒரு நாள் வந்து காட்டுங்களேன்" என்றார்.

"பஞ்சுத் தூசு" என்றேன்.

"மாஸ்க் போடுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜூலை 23, ஞாயிறு

தையற்கடையில் கால்சட்டை வாங்கினேன். நன்றாகப் பிடித்திருக்கிறார்.

ஜூலை 31, திங்கள்

மாலை நான்கரைக்கு மிதுனா வாந்தியெடுத்தாள். துடைத்துவிட்டுப் படுக்கவைத்தேன். மறுபடி எடுத்தாள். கூப்பிட்டால் கண்ணைத் திறக்கிறாள், பேசவில்லை. பூங்கொடியின் கம்பெனிக்குப் போன் செய்தேன். யாரோ எடுத்து, "செக்கிங்ல எந்தப் பூங்கொடி?" என்றார். எனக்குத் தெரியவில்லை. "மிதுனாவின் அம்மா" என்றேன். போன் வைக்கப்பட்டது.

பொன்னாத்தாளைக் கூப்பிட்டேன். அவர் ஒரு நொடி பார்த்தார். "இதென்னுங் சார் பாத்துட்டு நிக்கறீங்க, ஆட்டோவக் கூப்புடுங்க" என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டார். அரசு மருத்துவமனையில் சேர்த்துவிட்டு, அங்கிருந்தே கம்பெனி வாசலுக்குப் போய்ப் பூங்கொடியை அழைத்து வந்திருக்கிறார். நான் மற்ற எட்டுப் பிள்ளைகளுடன் இங்கே இருந்தேன்.

அறையைக் கழுவினேன்.

ஆகஸ்ட் 3, வியாழன்

பூங்கொடி துணி எடுக்க வந்தார். முகத்தில் கொஞ்சம் தெளிவு.

"நல்லாருக்கா சார். மூக்கு வழியா டியூப் விட்டு வயித்துத் தண்ணிய எடுத்தாக. முதுகுல ஊசி போட்டும் பாத்தாக. மூளைக்குப் போகல, இன்னும் பத்து நாளு விட்டிருந்தா சொல்ல முடியாதுன்னாக. வெறும் பிரைமரி காம்ப்ளெக்ஸ்தானாம். நாங்கூட டிபி கிபியோன்னு பயந்துட்டேன்."

பிரைமரி காம்ப்ளெக்ஸ். என் அக்கா மகனுக்குக்கூடச் சின்ன வயதில் வந்தது. ஆறு மாதம் மருந்து குடித்தான். அது என்ன என்று யாரும் கேட்டதில்லை, நானும்தான். மாலையில் கைபேசியில் தேடிப் படித்தேன். பிறகு ஷாஜிதாவுக்குப் போன் செய்தேன்.

"அது டிபியேதான் சார். பிள்ளைகளுக்கு முதல்ல வர்ற டிபிக்கு அந்தப் பேரு. டிபின்னு சொன்னா அம்மாக்கள் பயந்து ஓடிருவாங்கன்னு டாக்டருங்க அப்படியே சொல்லிப் பழகிட்டாங்க. அதனால யாரும் அடுத்த கேள்வி கேக்கறதில்ல."

"அடுத்த கேள்வி என்ன?"

"பிள்ளைங்க ஒருத்தருக்கொருத்தர் பரப்பறது ரொம்பக் கம்மி சார். ஒரு பிள்ளைக்கு வந்தா, பக்கத்துல இருமற பெரியவங்க ஒருத்தர் இருக்காங்கன்னு அர்த்தம். அந்த ஆளைக் கண்டுபிடிக்கணும். இல்லைன்னா அடுத்தது அந்தக் கைக்குழந்தைங்கதான்."

ஒன்பது பேரில் கைக்குழந்தைகள் இருவர். நாலாம் வீட்டு மாரீஸ்வரியின் மகனுக்கு எட்டு மாதம்.

ஆகஸ்ட் 5, சனி

ஷாஜிதா சளி பரிசோதனைக்கான டப்பாக்கள் பன்னிரண்டு கொண்டுவந்தார். இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறவர்கள், மிதுனாவோடு ஒரே வீட்டில் இருப்பவர்கள், பிள்ளைகளைத் தூக்குகிறவர்கள் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். வீடுவீடாகப் போய்ப் பெயர் எழுதி ஒட்டிக் கொடுத்தேன். காட்டுராஜா பீடியை மறைத்துக்கொண்டு வாங்கினார். பொன்னாத்தாள் வாங்கும்போது குழாயடி அமைதியானது.

ஒரு டப்பா மீந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

பதினொரு பேருக்கும் இல்லை என்று வந்துவிட்டது. பூங்கொடிக்கு இல்லை, காட்டுராஜாவுக்கு இல்லை, பொன்னாத்தாளுக்கும் இல்லை.

ஆனால் குழாயடியில் முடிவு வேறு. ஜன்னல் சாத்தியிருந்தும் கேட்டது. மாரீஸ்வரியின் குரல்.

"ரிசல்ட்டு என்னத்த ரிசல்ட்டு. அந்தம்மா உடம்பப் பாருங்க, சுள்ளி மாதிரி. அம்புட்டுப் பிள்ளைகளுக்கும் அதுதான் சோறு ஊட்டுது. வேற எங்கேருந்து வந்துச்சாம்?"

"அது இருமி நா பாக்கலையே" என்றது இன்னொரு குரல்.

"நம்ம முன்னாடி இருமுமாக்கும்?"

ஐந்து பிள்ளைகள் இன்று அங்கன்வாடிக்குப் போகவில்லை. மாலையில் பொன்னாத்தாள் வந்து வாசலிலேயே நின்றார். ஒரு வாரம் வர வேண்டாம், தாய்மார்கள் கோபம் ஆறட்டும் என்று மேலதிகாரி சொல்லிவிட்டாராம்.

"ஏனுங் சார், நீங்க படிச்சவங்க. நீங்க ஒரு வார்த்த சொன்னா கேப்பாங்க. ரிசல்ட்டுத் தாளு உங்க கையிலதானுங்களே இருக்குது."

சொல்கிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 9, புதன்

குழாயடிக்கு இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் குடத்தை நிரப்பிக்கொண்டு திரும்பினேன்.

ஆகஸ்ட் 10, வியாழன்

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

பிற்பகல் பொன்னாத்தாள் ரேஷன் அரிசிப் பையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். "சார், அந்த மிசினக் கொஞ்சம் எடுங்க. இருவது கிலோன்னு குடுத்தான், கம்மியாத் தெரியுது" என்றார். பையை வைத்தோம். 19.6.

"பாத்தீங்களா. நானூறு கிராம் போச்சு" என்றார்.

நான் அவரைச் சமாதானப்படுத்த நினைத்தேன். எந்திரம் குறைவாகக் காட்டுகிறது, உண்மையான எடை இருபத்திரண்டு கிலோவுக்கும் சற்று அதிகம் என்று விளக்கினேன்.

பொன்னாத்தாள் சிரித்த சிரிப்பில் பை சரிந்துவிட்டது. "ரேசன் கடைக்காரன் ரெண்டு கிலோ சேத்திப் போட்டுக் குடுத்தானுங்களா? ஏனுங் சார், நீங்க எந்த ஊருல இருக்கறீங்க?"

தெருமுனைக் கடையில் ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டுகள் பத்து வாங்கி வந்தேன். அடுக்கி வைத்தேன். 10.0. இறக்கி மறுபடி வைத்தேன். 10.0. மூன்றாம் முறையும் அதுவே.

நான் ஏறினேன். 50.2.

பொன்னாத்தாள் எண்ணைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"எப்ப இருந்துங்க இருமறீங்க?"

"பஞ்சுத் தூசு."

"அந்தக் குடோனு எனக்கும் பக்கத்துலதானுங் சார் இருக்குது."

அரிசிப் பையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார். வாசலில் திரும்பிப் பார்த்தார். "நா யாருகிட்டயும் சொல்ல மாட்டனுங்க. என்னையச் சொன்ன மாதிரி இன்னொருத்தர நா சொல்லறதில்லீங்க" என்றார்.

மூன்றரை மணி ஆகிவிட்டிருந்தது. அங்கன்வாடி டீச்சரே பிள்ளைகளைக் கூட்டிவந்தார். எனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி எல்லோரையும் அவருடனே திருப்பி அனுப்பினேன். அழுதார்கள். கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஆகஸ்ட் 11, வெள்ளி

காலையில் சளி எடுத்து வைத்துக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போனேன். பேருந்தில் போகவில்லை, நடந்தேன்.

ஷாஜிதாவிடம் பதிவேட்டைத் திறந்து, அடிக்குறிப்பைக் காட்டினேன். எந்திரம் சரி, பிழை என்னிடம் என்றேன். ஜூலை 4-இல் மிதுனாவின் எடை 11.9. நீங்கள் ஜூலை 20-இல் பார்த்தது நான் உண்டாக்கிய எண். அன்றே மருத்துவமனைக்கு அனுப்பியிருப்பீர்கள். பதினொரு நாள் தாமதம் என்றேன்.

அவர் அடிக்குறிப்பை விரலால் தொட்டுப் படித்தார்.

"அடியில பொடியா எழுதினதை யாரு சார் படிப்பா" என்றார். பிறகு, "என் கண்ணு இளைச்சிருக்குன்னு சொல்லிச்சு. நான் கண்ணை நம்பாம தாளை நம்பினேன். அதுல பாதி என்னுது சார். முழுசையும் நீங்களே எடுத்துக்காதீங்க" என்றார்.

அட்டவணையோடு மறுபடி ஒப்பிட்டோம். உண்மை எடைப்படி ஐந்து பிள்ளைகள் எடை குறைந்தவர்கள். அவர்கள் பெயர்களைச் சிவப்பு மையில் எழுதிக்கொண்டார்.

மிதுனா இன்று வீடு திரும்பினாள். வாசலில் ஆட்டோ நிற்கும் சத்தம் கேட்டது. நான் வெளியே வரவில்லை.

ஆகஸ்ட் 12, சனி

உறுதியாகிவிட்டது. கிருமி இருக்கிறது. மருந்துக்குக் கட்டுப்படும் வகைதானாம். ஆறு மாதம் மாத்திரை. ஜன்னல்களைத் திறந்து வைக்கச் சொன்னார் டாக்டர். ஜன்னல் சாத்தியிருந்தது, நாள் ஒன்றுக்கு நாலரை மணி நேரம், பிள்ளைகள் எண்ணிக்கை எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

வெளியே வந்து ஷாஜிதா சொன்னார். "சார், நீங்க யாருகிட்டயும் சொல்லணும்னு இல்ல. உங்க பேரை நாங்க வெளிய விட மாட்டோம். காம்பவுண்டுக்குள்ள ஒரு கேஸ் இருக்குன்னு மட்டும் சொல்லி, நானே எல்லாப் பிள்ளைகளையும் பரிசோதனைக்குக் கூட்டிட்டுப் போயிருவேன்."

எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. வீட்டு வாசல் வரை பிடித்திருந்தது.

பெயர் இல்லாமல் ஒரு கேஸ் என்று சொன்னால், குழாயடியில் அந்தப் பெயரை அவர்களே எழுதிக்கொள்வார்கள். ஏற்கெனவே எழுதியாயிற்று.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

காலை ஆறரைக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. ஞாயிறு என்பதால் எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். முகக்கவசம் போட்டுக்கொண்டு, குழாயிலிருந்து பத்தடி தள்ளி வேப்பமரத்தடியில் நின்றேன். நேற்றே எழுதிவைத்திருந்த தாளைப் படித்தேன்.

"என் சளியில் காசநோய்க் கிருமி இருப்பது ஆய்வில் உறுதி செய்யப்பட்டுள்ளது. சிறுமி மிதுனாவுக்கு ஏற்பட்ட தொற்றின் மூலம்..."

"சார், கேக்கல. தமிழ்ல சொல்லுங்க" என்றார் மாரீஸ்வரி.

தாளை மடித்தேன்.

"எனக்கு டிபி. மிதுனாவுக்கு என்கிட்ட இருந்துதான் வந்தது. பொன்னாத்தாளுக்கு ஒண்ணும் இல்லை. நான் ரெண்டு மாசமா இருமறேன். பஞ்சுன்னு சொல்லிட்டிருந்தேன். எடையும் தப்பா எழுதிட்டேன். உங்க பிள்ளைங்க எல்லாரையும் டெஸ்ட் பண்ணணும். வந்திருந்தாலும் மருந்து இருக்கு. வரலைன்னாலும் வராம இருக்க மருந்து இருக்கு."

"பெரும்பாலும் என்கிட்ட இருந்து" என்று சொல்லியிருக்க வேண்டும். அதுதான் சரியான கூற்று. அந்தச் சொல்லை விட்டுவிட்டேன்.

பூங்கொடி குடத்தைக் குழாயடியிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குள் போனார். குடம் நிரம்பி வழிந்தது. யாரும் குழாயை மூடவில்லை. நான் போய் மூடலாமா என்று தெரியாமல் நின்றேன்.

மாரீஸ்வரிதான் முதலில் கத்தினார். "வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டிக்கிட்டு எங்க பிள்ளைக மேல இருமிக்கிட்டு இருந்திருக்கீங்க. நாங்க சாருன்னு நம்புனோம்" என்றார். இன்னும் பல சொன்னார். எல்லாமே உண்மை. பிறகு குரல் உடைந்து, "எம்மகனுக்கு எட்டு மாசம் சார்" என்றார்.

"அவனைத்தான் முதலில் கூட்டிப் போக வேண்டும். நாளைக்கே" என்றேன்.

பொன்னாத்தாள் கூட்டத்தின் நடுவே வந்து குழாயை மூடினார். பூங்கொடியின் குடத்தை எடுத்து ஆறாம் வீட்டு வாசலில் வைத்தார். "அடுத்தது யாருது, புடிங்க. தண்ணி நின்னுரும்" என்றார். மாரீஸ்வரியைப் பார்த்துத் தனியாக ஒன்றும் சொல்லவில்லை. மாரீஸ்வரி தலையைக் குனிந்துகொண்டு தன் குடத்தை வைத்தார்.

என்னைக் கடந்து போகும்போது மட்டும், "மூணு நாளு தாமசமுங் சார். இருந்தாலும் பரவால்லீங்க" என்றார்.

ஆகஸ்ட் 14, திங்கள்

மாத்திரை தொடக்கம். சிறுநீர் சிவப்பாகப் போகிறது. முன்கூட்டியே சொல்லியிருந்தும் பயந்தேன்.

நான்கு ஜன்னல்களும் திறந்திருக்கின்றன. பஞ்சு வருகிறது. வரட்டும்.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

எட்டுப் பிள்ளைகளுக்கும் மார்பு எக்ஸ்ரே, தோல் ஊசிப் பரிசோதனை எல்லாம் முடிந்தன. ஒருவருக்கும் நோய் இல்லை. மாரீஸ்வரியின் மகனுக்கும் இல்லை.

எட்டுப் பேருக்கும் ஆறு மாதத் தடுப்பு மருந்து. நோயில்லாத பிள்ளைக்கு எதற்கு மருந்து என்று இரண்டு வீட்டில் கேட்டிருக்கிறார்கள். ஷாஜிதா என்ன சொன்னார் என்று தெரியவில்லை, வாங்கிக்கொண்டார்கள்.

முடிவுத் தாளை இரண்டு முறை படித்தேன். ஒருவருக்கும் இல்லை.

செப்டம்பர் 4, திங்கள்

பொன்னாத்தாள் அங்கன்வாடிக்குத் திரும்பிப் பத்து நாட்களுக்கு மேல் ஆகிறது. மாலையில் பிள்ளைகள் இப்போது அவர் வீட்டில் இருக்கிறார்கள். காலையில் சத்துமாவு உருண்டைக்கு முன் எட்டு மாத்திரைகளையும் அவரே கரைத்துக் கொடுக்கிறார். மிதுனாவினுடையதையும் சேர்த்து ஒன்பது. நான் வாசல் வழியாக ஒரு அட்டவணை அனுப்பினேன். நாள் வாரியாகக் கட்டம் போட்டது. "இத்தன கட்டத்த எவ பாப்பா" என்று சொல்லிவிட்டு, இதுவரை ஒரு கட்டம்கூட விடாமல் குறித்திருக்கிறார்.

இனி நான் பிறருக்குப் பரப்ப மாட்டேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்கு நம்பிக்கையில்லை. முகக்கவசத்தோடுதான் கடைக்குப் போகிறேன்.

செப்டம்பர் 17, ஞாயிறு

மாரீஸ்வரி மகனைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை வந்தார். அவன் மாத்திரையைத் துப்புகிறானாம். பாலில் கலக்கலாமா என்று கேட்டார். தெரியவில்லை, ஷாஜிதாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்டுச் சொன்னேன். கொஞ்சம் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துவிட்டு, துப்பினால் உடனே மறுபடி தர வேண்டும்.

"நீங்க சாப்பிடுறீங்களா சார்?" என்றார்.

"இன்று வரை தவறவில்லை" என்றேன்.

"சோத்தக் கேட்டேன் சார்."

செப்டம்பர் 26, செவ்வாய்

பூங்கொடி இதுவரை என்னிடம் பேசவில்லை. இன்று குழாயடியில் அவர் குடம் முன்னால் இருந்தது. எனக்கு வழிவிட்டு அதைத் தள்ளி வைத்தார். முகத்தைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

மிதுனா தூரத்தில் ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டிருந்தாள். மூன்று கட்டம் தாண்டினாள். ஜூலையில் இரண்டடி நடந்து உட்காருவாள்.

அக்டோபர் 12, வியாழன்

இரண்டு மாதப் பரிசோதனை முடிவு வந்தது. என் சளியில் கிருமி இல்லை. மாத்திரை இன்னும் நான்கு மாதம்.

பக்கத்து வீதியில் ஒரு பிள்ளைக்கு 'பிரைமரி காம்ப்ளெக்ஸ்' என்று சொல்லியிருக்கிறார்களாம். தெரிந்தவுடன் பூங்கொடி அந்த வீட்டுக்கே போய், "அதுதான் டிபி. வீட்டுல யாரு இருமுறாகன்னு பாருங்க" என்று சொன்னாராம். ஷாஜிதா போனில் சொன்னார். "அந்தம்மா போய்ச் சொன்னதால நாலே நாள்ல ஆளைப் புடிச்சிட்டோம் சார். பிள்ளையோட மாமா."

அக்டோபர் 20, வெள்ளி

இரவு எட்டேகாலுக்கு யாரோ வாசலில் நிற்பது தெரிந்தது. பூங்கொடி. கம்பெனியிலிருந்து நேராக வந்திருந்தார். தலையில் நூல் துணுக்குகள்.

நான் எழுந்து நின்றேன்.

"நாளைக்கு எனக்கு ஓவர்டைம். அவரும் ஊருக்குப் போயிருக்காரு. ஆயாம்மாவுக்கு மீட்டிங்காம்" என்றார்.

நாற்காலியை ஜன்னல் பக்கம் தள்ளிப் போட்டேன்.

"பாப்பாவ விட்டுட்டுப் போகலாமா சார்?"

மாத்திரை இன்னும் முடியவில்லை என்றேன். கிருமி இல்லை என்று வந்திருக்கிறது, ஆனாலும் ஒரு பரிசோதனைதான், பரிசோதனையிலும் பிழை வரலாம் என்றேன். எதற்கும் ஷாஜிதாவை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு...

"கேட்டுட்டுத்தான் சார் வந்தேன்."

"டாக்டரை..."

"டாக்டரையும் கேட்டேன்." முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார். "உங்க மேல கோவம் போயிருச்சுன்னு சொல்லல சார். போகல. ஆனா நீங்களா வந்து சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது. அதையும் நெனச்சுப் பாக்குறேன். கடைப் பண்டம் எதுவும் வாங்கிக் குடுக்காதீக. மத்தியானம் தூங்க மாட்டா, விடாதீக, தூங்க வைங்க."

குறித்துக்கொண்டேன்.

அக்டோபர் 21, சனி

மிதுனா காலை எட்டரை முதல் இரவு ஒன்பது வரை இங்கே இருந்தாள். மதியம் தூங்கவில்லை. எழுத நேரம் கிடைக்கவில்லை.